ஆண்டவருக்கென்று எடுத்த அரிசி

என்னோடு கோயிலில் பாய் விரித்து உட்கார்ந்து பாடி, முட்டி வலி வந்ததும் நாற்காலிக்கு மாறியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிடியரிசி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மருமகள்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்போம். அது ஆண்டவருடைய பங்கு. மாதம் ஒருமுறை சபையின் உபதேசியார் வந்து வாங்கிப் போவார். அவர் வராவிட்டால் அறுப்பின் பண்டிகை அன்று நாமே கோயிலுக்குச் சுமந்துபோய்க் கொட்டுவோம். இன்றைக்குக் கவரில் பணம் போடுகிறார்கள். அதுவும் சரிதான். நான் குறை சொல்ல வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். சொல்வது கோணாது.

குத்தாலத்துக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரமாக எங்கள் தெரு. தெருவில் எல்லாரும் பண்ணை வேலைக்காரர்கள். சில வீடுகள் மட்டும் வேதக்கார வீடுகள். அப்பாவின் ஆட்கள் முன்பே வேதத்துக்கு வந்தவர்கள். அம்மா கல்யாணத்தின்போதுதான் ஞானஸ்நானம் வாங்கினாள். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், கோடி வீட்டில் இருந்தார். அவர் ஐயனாரைக் கும்பிடுகிறவர். கூலிக்காரர் சங்கத்துக்கு எங்கள் தெருவில் அவர்தான் தலைவர். சிவப்புக் கொடி அவர் வீட்டு வாசலில்தான் பறந்தது. சாமி வேறாக இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் குழம்பு போய் வந்துகொண்டிருந்தது.

என் அப்பா அறுப்பில் முதல் ஆள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், இருக்கட்டும். வரிசையில் வலது கோடியில் அவர் நிற்பார். அவர் கருக்கரிவாள் போகிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் குனிந்து வருவார்கள். தாள் அறுபடும் சத்தம் மாடு புல் மேய்கிற சத்தம் மாதிரி கரக் கரக்கென்று ஒரே சீராகக் கேட்கும். நடுவில் அவர் ஒரு வார்த்தை கேலி சொன்னால் வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டே நகரும். அந்த அரிவாளுக்குப் புளியங்கட்டையில் பிடி. அவர் கை பட்டுப் பட்டுக் கறுத்து, தேன் பூசின மாதிரி மின்னும். எங்கே போனது அது என்று தெரியவில்லை. வீடு மாறும்போது போயிருக்கும்.

பிடியரிசிப் பானை அடுப்புக்கு மேலே பலகையில் இருக்கும். அதன் வயிற்றில் அம்மா சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தாள். அரிசி எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், உதடு அசையும். அப்பாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"பிடியக் கொஞ்சம் சின்னதாப் புடிடி. ஆண்டவருக்கு எங்களாட்டம் பசிக்காது."

"இப்படிப் பேசாதிங்க. அவரு கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, நடக்கிற வயதில் இறந்துபோனான். ஒரு அடைமழையில் விருந்தாளி வந்துவிட்டார்கள், வீட்டில் அரிசி இல்லை. அம்மா ஆண்டவர் பானையிலிருந்து எடுத்துச் சமைத்துப் போட்டிருக்கிறாள். பிறகு திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். போடுவதற்குள் பிள்ளைக்குப் பேதி கண்டது. அந்த மழையில் அந்தத் தெருவில் வேறு வீட்டிலும் பிள்ளைகள் பேதியில் போயின, அவர்களில் யாரும் பிடியரிசியைத் தொட்டவர்கள் இல்லை. ஆனாலும் அம்மா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்த வருஷத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆட்சி மாறியிருந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று கடைத்தெருச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அந்த அரிசி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. டீக்கடை ரேடியோவில் பேச்சு மட்டும் வந்தது, பேச்சு அழகாகத்தான் இருந்தது. தை பிறந்து சம்பா முற்றி நின்றது. அறுத்து அளக்கிற கலத்துக்குக் கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று சங்கம் சொன்னது. முடியாது என்றார் பண்ணைக்காரர். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியது, அதனால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முதலில் அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

களையெடுப்பு முடிந்து அறுப்பு வருகிறவரைக்கும் எங்களுக்கு எப்போதுமே வயிறு காய்கிற காலம். அறுப்பும் நின்றுவிட்டால் கேட்க வேண்டாம். வரப்பில் நண்டு பிடித்தோம். நத்தையை உடைத்து மிளகாய் போட்டு வதக்கினோம். குட்டையில் அல்லிக்கிழங்கு தோண்டினோம். வேகவைத்தால் சேற்று வாடையோடு ஒரு கசப்பு வரும், அது இன்னும் என் நாக்கில் இருக்கிறது. நெல் முற்றின வாசம் காற்றில் வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறினால் அந்த வாசனை சோறு வடிக்கிற வாசனை மாதிரியே இருக்கும். அதுதான் பெரிய கொடுமை.

அந்தப் பட்டினியிலும் ஆண்டவர் பானை நிரம்பி இருந்தது. ஐப்பசி மழையில் உபதேசியாரால் வர முடியவில்லை. கார்த்திகையில் பாலம் உடைந்து, சரிசெய்ய நாளானது. பிறகு போராட்டம் தொடங்கிவிட்டது. மாதக்கணக்கில் போட்ட பிடியெல்லாம் அப்படியே இருந்தது.

சாயங்காலம் அம்மா ஜெபம் பண்ணுவாள். களத்தில் நெல் அளக்கும்போது பெண்கள் பண்ணையின் காரியக்காரர் முன்னால் நின்று, "ஐயா, பாத்து அளங்க, புள்ளக்காரிங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அவர் கோபக்காரர், சத்தம் கூடினால் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துவிடுவார். அம்மா ஆண்டவரிடம் அதே குரலில்தான் பேசினாள். "கோவிச்சிக்காதிங்க ஆண்டவரே. ஒங்களுத நான் தொடல. பாத்துக் குடுங்க." எனக்கு அப்போது அது பக்தியாகத் தெரிந்தது. இப்போதுதான் புரிகிறது. அவளுக்குத் தெரிந்த பெரியவர்கள் பண்ணைக்காரரும் காரியக்காரரும்தான். ஆண்டவரையும் அந்த அளவிலேயே வைத்துவிட்டாள்.

தம்பி கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. அவன் அழுது அழுது, கடைசியில் அழுகைச் சத்தமும் சின்னதாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் அப்பா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார்.

"அந்தப் பானைய எறக்கு."

அம்மா பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"சொல்றேன்ல, எறக்கு. கஞ்சி வச்சி நீ குடி. பால் வரும்."

"வேணாங்க. இன்னொரு புள்ளயக் குடுக்க என்னால முடியாது."

"அது பேதிடி. அரிசிக்கும் அதுக்கும் என்னா?"

"ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அப்பா நினைத்திருந்தால் அவளை ஒதுக்கிவிட்டு எடுத்திருக்கலாம். கை நீட்டாத மனிதர். "எனக்கு ஆண்டவரப் பாத்தா பயமில்ல. ஒன்னப் பாத்தாத்தான் பயமா இருக்கு" என்றார். பிறகு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடிந்து நான் எழுந்தபோது அவர் இல்லை. அரிவாள் செருகியிருந்த கீற்றில் அரிவாளும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். நண்டு பிடிக்கப் போயிருக்கிறார் என்றாள். அவளுக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் தெரியாது என்று அவள் மனசுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பொழுது சாயும்போது வாய்க்காலுக்குள்ளேயே நடந்து வந்தார். இடுப்பு வரை ஈரம். தோளில் துண்டு மூட்டை. அவிழ்த்தால் நெல். பண்ணைக்காரரின் மேலப் பண்ணையில் வெளியூர் ஆட்களோடு நின்று அறுத்திருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. முழங்கால் போட்டு, "ஆண்டவரே, குடுத்திங்களே" என்று அழுதாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகுதான் அந்தப் பிசகு. நெல்லை வறுத்து அரிசியாக்க வேண்டும், அதற்கு உரலில் குத்த வேண்டும். அம்மாவுக்குப் பிள்ளை அழுகை ஒன்றுதான் காதில் இருந்தது. உலக்கையை எடுத்துக் குத்த ஆரம்பித்துவிட்டாள். தொம் தொம் என்று அந்தச் சத்தம் தெரு முழுக்கப் போனது. வாரக்கணக்கில் எந்த வீட்டிலும் உலக்கை சத்தம் இல்லை. குத்துவதற்கு யாரிடம் நெல் இருந்தது? பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாசலில் விளையாடிய பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தன. நான் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா நிமிரவே இல்லை.

புடைத்து முடித்ததும் அவள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? அந்த அரிசியிலும் ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி, ஆண்டவர் பானையில் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து கேலி வரவில்லை.

கஞ்சி கொதிக்கும்போது மாமா வந்தார். நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒலக்கச் சத்தம் கோடி வீடு வரைக்கும் கேக்குது தங்கச்சி. என்னா விசேசம்?"

"ஆண்டவரு குடுத்தாருண்ணே."

"யாரு, மேல இருக்கறவரா? இல்ல, மேலப் பண்ணையில இருக்கறவரா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக் குனிந்தாள். அப்பா சுவரோரம் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். நெல் அறுத்தால் சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். எத்தனை குளித்தாலும் ஒரு நாள் போகாது.

"என்னா மாப்ள, சுண அரிக்குதா? நம்ம தெருவுல இந்த வருசம் ஒருத்தனுக்கும் அரிக்கல."

"புள்ளைக்குப் பாலில்ல மச்சான்."

"எங்க வீட்டுல மட்டும் பாலு வாய்க்காலா ஓடுதா?"

மாமாவின் கண் அப்போதுதான் பலகைக்குப் போனது. உள்ளே வந்து பானை மூடியை எடுத்தார். "அண்ணே, தொடாத, அது ஆண்டவருது" என்று அம்மா ஓடிவந்தாள். அதற்குள் அவர் கையை விட்டுவிட்டார். முழங்கை வரை போனது. வெளியே எடுத்தபோது விரல் இடுக்கில் அரிசி வழிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத வச்சிக்கிட்டா இவன் அங்க போனான்?"

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்றது.

"எங்க ஐயனாருக்குப் படையல் போட்டா, அவரு வாசம் புடிச்சிட்டு நம்மளயே திங்கச் சொல்லிடுவாரு. ஒங்க ஆளு ஏன் தங்கச்சி இம்புட்டுக் கெட்டி?"

கையில் ஒட்டியிருந்த அரிசியைக்கூடத் தட்டிப் பானைக்குள்ளேயே போட்டார். கீழே சிந்தினதைப் பொறுக்கிப் போட்டார். மூடியை வைத்தார். எங்கள் ஆண்டவரை நம்பாதவர்தான். ஆனாலும் ஒரு பருக்கை எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னாள் அம்மா. வேண்டாம் என்று போய்விட்டார்.

அந்தக் கஞ்சியில் தம்பி பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேச்சுவார்த்தை முடிந்தது. கேட்ட அளவு இல்லை என்றாலும் கூலி கூடியது. தெருவில் பறை அடித்து ஆடினார்கள். அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார். அந்தப் பானை அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சியிருந்தால் அந்த ஒரு வாரம் தாராளமாக ஓடியிருக்கும். இதை நான் இத்தனை வருஷமாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் அப்பாவை அடிக்கவில்லை, ஒரு சொல் வையவில்லை. அறுப்புக்கு இறங்கினபோது அவர் வழக்கம்போல் வலது கோடிக்குப் போய் நின்றார். வரிசை அவரை விட்டு நகர்ந்து இடது பக்கமாகத் தொடங்கியது. அவர் வரப்போரம் ஒரு துண்டைத் தனியாக அறுத்தார். நான் கஞ்சித் தூக்கோடு போனவள் பார்த்தேன். அந்த வருஷம் மட்டும் இல்லை, அவர் கை ஓய்கிற வரைக்கும் அப்படித்தான். அவர் கேலி பேசி நான் பிறகு கேட்டதே இல்லை. எனக்குச் சடங்கு செய்தபோது தாய்மாமன் வந்து முதல் புடவை போர்த்த வேண்டும். மாமா வரவில்லை. உபதேசியாரின் மனைவி போர்த்திவிட்டார். நல்ல புடவைதான். அம்மா நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் உபதேசியார் சைக்கிளில் வந்தார். பானையைத் திறந்தால் மேலெல்லாம் வண்டு, அடியில் பூஞ்சணம் பிடித்துக் கட்டி. அவர் திகைத்துப் போனார்.

"ஏம்மா, போராட்டத்துல பட்டினி கெடந்திங்களே, இத ஏன் எடுத்துக் காய்ச்சல?"

"ஆண்டவருதுங்களே ஐயா."

"அக்கரைத் தெருவுல எல்லாரும் காய்ச்சிக் குடிச்சாங்களேம்மா. நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன். புள்ளங்க பசிக்கி எடுத்தா அவரு சந்தோசந்தானே படுவாரு? ஒங்க தெருவுக்கும் வந்து சொல்லணும்னுதான் கெளம்புனேன். பாலத்துல போலீசு நின்னுச்சி. ரெண்டு நாள் கழிச்சிப் போவோம்னு திரும்பிட்டேன்."

நல்ல மனிதர். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா நம்பவில்லை. நம்மை ஆற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தாள். "ஒங்களுக்கு அவரு பழக்கமானவருங்க ஐயா. எங்களுக்கு அப்படியா?" என்றாள். பிறகு அந்த அரிசியைக் கோழிக்குப் போடவும் மனசில்லாமல் ஆற்றில் கொண்டுபோய் விட்டாள்.

எனக்கும் அந்தப் பயம் வெகு நாள் இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, அது தவழ்ந்து வந்து என் தட்டில் கையை விட்டு, நான் மென்றதைக்கூட வாயிலிருந்து பிடுங்கித் தின்னும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சட்டென்று தோன்றியது: நானே இப்படி இருந்தால், என்னை உண்டாக்கினவர் என்னைவிட மட்டமானவராகவா இருப்பார்? எனக்குப் பெரிய பிரசங்கம் அதுதான். அதன்பின் வியாதி வந்தது, வீட்டுக்காரர் போனார், எத்தனையோ வந்தது. அவர் என்னைத் தண்டிக்கிறார் என்று மட்டும் நான் நினைத்ததில்லை. கஞ்சிக்கு உப்பு இல்லாத நாளிலும் அவரிடம் வாய்விட்டு, குரல் தாழ்த்தாமல்தான் கேட்டிருக்கிறேன்.

அப்பா இறந்தபோது பாடை தூக்க அக்கரையிலிருந்து சபைக்காரர்கள் வந்தார்கள். தெருக்காரர்கள் தலையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மாமா கிழவராகிவிட்டார். தடி ஊன்றி வந்து வேலியோரம் நின்றார். அம்மா அவரிடம் போனாள். நான் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

"அண்ணே, அவரு மேல குத்தமில்ல. எம் பயந்தான் அவர அங்க அனுப்புச்சி."

"தெரியும். பானையில கைய விட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சா, தெருவுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னான்னு சொல்றது? தெருவே நத்தயத் தின்னப்ப எந் தங்கச்சி வீட்டுல பான நெறய அரிசி இருந்துச்சின்னா? அவன் ஒருத்தனோட போச்சி. சொல்லியிருந்தா குடும்பத்தயே ஒதுக்கியிருப்பானுங்க." மாமா மூக்கைச் சிந்தினார். "அவனாட்டம் அறுக்க இன்னிக்கி வரைக்கும் ஒருத்தன் வரல."

அதை அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் காதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

கடைசிக் காலத்தில் அம்மா என்னோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போவேன். காது கேட்கிறதோ இல்லையோ, பிரசங்கம் முடிகிற வரை அசையாமல் இருப்பாள். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் காலையில், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கினாள். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆயி, ஆண்டவரு நல்லவருதானே?"

"நல்லவரும்மா."

"கோவக்காரரு இல்லியே?"

"இல்லம்மா."

"நெசமாச் சொல்றியா, எனக்காவச் சொல்றியா?"

"நெசமாத்தாம்மா. நான் வாழ்ந்து பாத்துட்டுச் சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியாகிவிட்டாள் என்று நினைத்து அடுத்த கரண்டியை எடுத்தேன்.

"அப்ப ஒங்கப்பா போயிருக்கவே வேணாமே" என்றாள்.

நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன்.